மஞ்சளில் சிவப்பு

திரையை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும். எடை முழுக்க முன்பக்கக் கண்ணாடியில் இருக்கிறது. பின்னால் வெறும் பிளாஸ்டிக் கூடு. இது தெரியாத பேரன் பின்பக்கம் போய்க் கைகொடுக்க, பெட்டி முன்னால் சாய்கிறது.

"டேய், அங்கிட்டு என்னத்தப் பிடிக்கிற? இங்குட்டு வா" என்று பெரியவர் சத்தம் போடுகிறார்.

வாயில் ஸ்பேனரைக் கவ்வியபடி மெக்கானிக் பையன் ஒரு பக்கம், பேரன் மறுபக்கம், பெரியவர் நடுவில் மேற்பார்வை. மூச்சு வாங்கி, இடையில் ஒருமுறை இறக்கி வைத்து, கடைசியில் சுவரோரச் சிமெண்டுத் திட்டில் உட்கார்கிறது சோனி ட்ரினிட்ரான். 29 இஞ்ச், தட்டைத் திரை. ஐம்பது கிலோவை ஒட்டிய கனம். பூண்டு நல்ல விலை போன ஒரு வருஷத்தில் வத்தலக்குண்டு வழியாக வேனில் ஏறி வந்ததாம். கூக்காலில் அப்போது இதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள் என்கிறார் பெரியவர். யாரும் கேட்காமலே சொல்கிறார்.

கொடைக்கானல் போகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. திண்ணையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்ததால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்தது. கீழே ஏரி, அதைச் சுற்றிச் சோலைக்காடு, சரிவெல்லாம் பாத்தி பாத்தியாகப் பூண்டும் கேரட்டும். மேல்மலை ஊர்களில் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் இருக்கிற பேர் கூக்காலுக்கு இல்லை. ஏரியைத் தேடி வருகிறவர்கள் ஏரியோடு திரும்பிவிடுவார்கள்.

வீட்டில் ஒரு எல்.இ.டி. டிவி இருந்திருக்கிறது. மகன் திருப்பூரிலிருந்து அனுப்பியது. போன ஐப்பசியில் இடி இறங்கிய ராத்திரி அதுவும், அதோடு இருந்த பாக்ஸும் சேர்ந்து போய்விட்டன. பேனல் மாற்றுகிற செலவுக்குப் புதுசே வாங்கலாம் என்று கொடைக்கானல் கடையில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் விதைப்பூண்டு மூட்டைக்குத் தாங்கலாக மூலையில் கிடந்த சோனிக்கு இன்று விமோசனம். அப்பத்தா ஈரத்துணியால் திரையைத் துடைக்கிறாள். துணியில் மண் நிறம் ஏறுகிறது. பூண்டு வாசம் போகவில்லை.

"மொதல்ல டிவி ஓடுதான்னு பாப்போம். அப்பறம் டிஷ்ஷு மாட்டுறேன்" என்கிறான் மெக்கானிக். இருபத்தைந்து வயது இருக்கலாம். மன்னவனூர்ப் பக்கத்து ஆள். பைக்கின் பின்னால் டிஷ்ஷைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

ஸ்டெபிலைசர் வழியாகக் கரண்ட். பட்டனை அழுத்தியதும் பெட்டிக்குள்ளிருந்து 'டொம்' என்று ஒரு அதிர்வு. பேரன் ஒரு எட்டுப் பின்வாங்குகிறான். குழாயின் உள்ளே இரும்பில் ஏறிய காந்தத்தைக் களைவதற்கென்று ஒரு கம்பிச்சுருள் சுற்றியிருக்கும். போட்ட நொடியில் அது ஒருமுறை உதறிக்கொள்ளும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் டிவி உறுமிக் கேட்டதில்லை. சிறிது நேரத்தில் திரை மெல்ல வெளுக்கிறது. வெள்ளைப் புள்ளிகளின் இரைச்சல். பெரியவர் முகம் மலர்கிறது.

"ஓடுதுடா!"

வெளிச்சமான திரையை உற்றுப் பார்த்தால் குறுக்கே இரண்டு மயிரிழைக் கோடுகள் தெரியும். பழுது என்று நினைத்து அந்தக் காலத்தில் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. 1968-ல் சோனி கொண்டுவந்த ட்ரினிட்ரான் குழாயில், மற்ற டிவிகளில் இருந்த துளைபோட்ட தகட்டுக்குப் பதிலாக மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகளின் வரிசை. வெளிச்சம் கூடுதலாக வரும், நிறம் அடர்த்தியாக விழும். ஆனால் சத்தத்துக்கும் தட்டலுக்கும் கம்பிகள் அதிரும். அதிராமலிருக்க அவற்றின் குறுக்கே இரண்டு இழைகளைக் கட்டினார்கள். அவற்றின் நிழல்தான் அந்தக் கோடுகள். அப்பத்தா அவற்றையும் துடைத்துப் பார்க்கிறாள்.

"அது போகாது ஆத்தா. கம்பெனியே வச்சது" என்கிறான் மெக்கானிக்.

பெரியவர் ரிமோட்டைத் தேடி எடுத்து வந்திருக்கிறார். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பிடித்திருக்கிறது. மெக்கானிக் டிவியின் முன்மூடியைத் திறந்து அங்கிருக்கும் பட்டன்களை அழுத்தி, தானாகச் சேனல் தேடச் சொல்கிறான். எண் ஓடுகிறது. கீழிருந்து மேலே, எல்லா அலைவரிசையும் துழாவிவிட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. ஒன்றும் அகப்படவில்லை. நூறு சேனலை ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடிய பெட்டிக்கு ஞாபகம் வைக்க ஒன்றுமில்லை.

"ஏப்பா, கொடைக்கானல் டவரு அங்கனதான நிக்கிது?"

"டவரு நிக்கிது தாத்தா. அனுப்புறது மாறிப்போச்சு."

பெரியவருக்கு அது முழுசாகப் பிடிபடவில்லை. அவர் காலத்தில் டிவி என்றால் அந்த டவர்தான். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியும், தென்மாவட்டங்களுக்கு அது எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்தபோது இங்கே உயரக் கம்பம் நட்டு, பூஸ்டர் போட்டுக் கடல் தாண்டி வந்த சிங்களப் படத்தையெல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் கொடைக்கானல் மலைமேல் உயர்சக்தி ஒளிபரப்பி வந்ததும் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்துச் சமவெளிகளுக்கெல்லாம் விடிந்தது. விசித்திரம், டவரிருந்த மலையிலேயே மேல்மலை ஊர்களுக்குப் படம் சுமார்தான். ஒளிபரப்பி அலை நேர்கோட்டில் போவது. நடுவில் மலைமுதுகு குறுக்கிட்டால் தேங்கிவிடும். கூக்கால் போலப் பள்ளத்தில் ஒதுங்கிய ஊருக்கு நேராகக் கொஞ்சமே வந்து, மீதி எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வரும். நேரே வந்தது ஒன்று, பட்டுத் திரும்பியது ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால் திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்திலேயே ஒரு மங்கலான ஆள்.

"ஆளுக்கு ரெண்டு மூக்கு இருக்கும். அதோடதேன் மகாபாரதம் பாத்தோம்" என்கிறாள் அப்பத்தா.

அந்த அனலாக் ஒளிபரப்பை நாடு முழுக்கப் படிப்படியாக நிறுத்தினார்கள். எல்லையோரம் போன்ற இடங்களில் ஏறத்தாழ ஐம்பது ஒளிபரப்பிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் 2022 வாக்கில் முடிப்பது திட்டம். கேபிளிலும் அதே கதை. 2011-ல் சட்டத்தைத் திருத்தி, நகரங்களில் ஆரம்பித்து, 2017 மார்ச் 31-க்குள் கிராமம் வரை செட்டாப் பாக்ஸ் இல்லாமல் கேபிள் கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். ஆக, இந்தச் சோனிக்குள் இருக்கும் ட்யூனருக்குத் தெரிந்த பாஷையில் பேசுகிறவர் இங்கே எவரும் மிச்சமில்லை. தரைவழி டிஜிட்டல் என்று ஒன்றை 2016-ல் 16 நகரங்களில் தூர்தர்ஷன் தொடங்கியது; தமிழ்நாட்டில் சென்னை மட்டும். அதே டவர்களில் டிஜிட்டல் ஏற்றி, சின்ன ஆண்டெனாவோடு ஒரு சின்னப் பெட்டியை வீட்டுக்கு வீடு எட்டச் செய்திருக்கலாம். உலகத்தில் எத்தனையோ நாடுகள் அப்படித்தான் செய்தன. இங்கே வானத்தைப் பார்த்துவிட்டார்கள். மலைநாட்டுக்கு அது நல்லதாகவே போயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மெக்கானிக் தகரக் கூரையின் ஓரம் ஏணி சாத்தி ஏறுகிறான். டிஷ்ஷின் காலை மரச்சட்டத்தில் திருகி முறுக்குகிறான். போனில் திசைகாட்டி. கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே முகத்தைத் திருப்புகிறான். தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் வருவது 93.5 பாகைக் கிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. கூக்காலிலிருந்து பார்த்தால் அது தொடுவானத்தில் கிடையாது. ஏறக்குறைய 68 பாகை ஏறி, உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதனால் எந்த மலைமுதுகும் குறுக்கே வராது. டிஷ்ஷைப் பார்க்கிறவர்களுக்கு அது அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தோன்றாது. தட்டின் வளைவை அப்படிச் சாய்த்துச் செய்திருப்பதால், முகம் நோக்குவதைவிட இருபது பாகைக்கு மேல் உயரத்திலிருந்துதான் அது சிக்னலை வாங்குகிறது.

மலை மறைக்காது, மரம் மறைக்கும். வீட்டுக்குக் கிழக்கே ஒரு யூகலிப்டஸ் நிற்கிறது. மெக்கானிக் அண்ணாந்து பார்த்துவிட்டு, காலைக் கழற்றி, கூரையின் இந்த முனைக்கு நகர்த்துகிறான்.

"பனி விழுந்தா படம் போயிரும்லப்பா?" கீழிருந்து பெரியவர்.

"பனிக்கிப் போகாது தாத்தா. மழ வெளுத்து வாங்குனாத்தேன் போகும். விட்டதும் வந்துரும்."

சரியாகத்தான் சொல்கிறான். மலையில் எல்லாப் பழியையும் பனிமூட்டத்தின் தலையில் போடுவது வழக்கம். இந்த அலைவரிசைக்குப் பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்லை. கனத்த மழைத்துளிதான் அதைக் குடித்துவிடும்.

டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. அதிலிருந்து ஒற்றைக் கேபிள் கீழே இறங்குகிறது. செருகும் பின்னைப் போட, கத்தியால் மேல்தோலைச் சீவி, உள்ளிருக்கும் வலைக்கம்பியைப் பின்னால் மடித்து, நடுச் செம்புக்கம்பியை விரல்நகம் அளவுக்கு விட்டுவிட்டு நறுக்குகிறான். வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் காரியம் கெடும். இந்த ஒரே கம்பி வழியாகப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட் மேலே அனுப்பும். சிக்னலும் அதே வழியில் கீழே இறங்கும். ஊதிப் பார்க்கிறான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான், இன்னொரு முறை ஊதுகிறான்.

இனி மயிரளவு வேலை. சிக்னல் மீட்டர் 'கீ கீ' என்கிறது. அரை விரற்கடை தள்ளினால் நின்றுவிடுகிறது. இந்த அளவு டிஷ்ஷுக்கு இரண்டு பாகை விலகினால் வேறு செயற்கைக்கோள்.

"2010-ல ஒரு ஆனி மாசம் வாக்குல, இன்சாட் 4-பி-யில கரண்டுக் கோளாறாகி, சன் டைரக்ட் அடிபட்டுப் போச்சு. எங்க சித்தப்பா அப்ப இந்தத் தொழில்லதேன். 93.5-ல இருந்து 91.5-க்கு ஊரு ஊராப் போயி ஒவ்வொரு தட்டாத் திருப்பினாரு. சின்னப்பயலா நான் பின்னாடியே ஏணி தூக்கிட்டுப் போனேன்." யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. பேரன் கீழே போனில் இருந்தான். தொழில் கற்ற கதையை யாராவது கேட்கத்தான் வேண்டுமா என்ன?

இறங்கி வருகிறான். பாக்ஸ், உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலம். அதன் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று, சோனியோ அது பிறப்பதற்கு முந்தைய காலத்துப் பெட்டி. பக்கத்தில் ஹெட்போன் துளை போல இன்னொன்று. அதற்கான ஒயர் ஒரு முனையில் ஒற்றைப் பின், மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. சோனியின் பின்னாலும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள். நிறத்துக்கு நிறம் செருகுகிறான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அப்படித்தான் செருகும்.

டிவியை வீடியோவுக்கு மாற்றியதும் ஸ்பீக்கரில் 'கர்ர்ர்' என்று அலறல். திரையில் இருட்டு, அதற்குள் சில சாம்பல் பட்டைகள் நெளிகின்றன.

"போச்சா?" என்கிறார் பெரியவர்.

"இருங்க."

ஒயரை ஆட்டுகிறான். பாக்ஸை அணைத்துப் போடுகிறான். சோனியின் ஓட்டைகளில் துருவை உப்புத்தாளால் சுரண்டுகிறான். அலறல் அப்படியே. அப்பத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒயரு வேற ஒண்ணு மாத்திப் பாருப்பா" என்கிறாள். அவன் உட்கார்ந்து ஒயரின் ஒற்றைப் பின்னைக் கண்ணருகே வைத்துப் பார்க்கிறான். கறுப்பு வளையங்கள் மூன்று, அவற்றால் பிரிந்த உலோகத் துண்டுகள் நாலு. எந்தத் துண்டில் படம், எதில் சத்தம், எதில் எர்த் என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. பாக்ஸ் ஒரு கணக்கில் அனுப்புகிறது, ஒயர் இன்னொரு கணக்கில் பிரிக்கிறது. ஸ்பீக்கரில் கேட்கும் அந்த அலறல் வேறொன்றுமில்லை, படம்தான். சத்தத்தின் வாசலில் தவறி நுழைந்துவிட்டது.

டிவியின் பின்னால் கையை விட்டு, மஞ்சள் பின்னைப் பிடுங்கி, சிவப்புப் பின்னை எடுத்து மஞ்சள் ஓட்டையில் செருகுகிறான்.

படம்.

ஒரு வயல். நாற்று நடும் பெண்கள். டிடி தமிழில் வேளாண் நிகழ்ச்சி. பெரியவர் பேசவில்லை. பேரன் போனை இறக்கிவிட்டு வருகிறான். பச்சை, அந்தப் பச்சை! இருட்டு அறையில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. நடுகிறவள் கை தண்ணீருக்குள் போய் வருகிறபோது இழுவல் இல்லை, பிசிறு இல்லை. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஃப்ரீ டிஷ்ஷில் வரும் இந்த மாதிரிச் சேனல்கள் சாதாரணத் தரத்தில் வருபவை. படம் 576 வரி. இந்தக் குழாய் அந்த 576 வரிக்கென்றே செய்தது. அதே படத்தை எல்.இ.டி.யில் 1,080 வரிக்கு இழுத்துப் பரப்பினால் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். புது டிவி நல்லது என்பது புதுத் தரத்தில் படம் வந்தால் மட்டும். கூரையில் இருக்கும் இந்தத் தட்டுக்கும் இந்தப் பாக்ஸுக்கும் பழைய சோனியே பொருத்தமான சோடி என்று நான் சத்தியம் செய்வேன். கேட்பார் இல்லாததால் செய்யவில்லை.

"எல்லாரும் ஒசரமா, ஒல்லியா இருக்காங்க" என்கிறாள் பேத்தி. அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பள்ளிச் சீருடையில் நிற்கிறாள். உண்மைதான். அகலத் திரைக்கான படத்தைப் பாக்ஸ் நெருக்கிப் பிடித்துப் பழைய சதுரத்துக்குள் அடைத்திருக்கிறது. மெக்கானிக் பாக்ஸின் ரிமோட்டில் மெனு மெனுவாகப் போகிறான். அவனைவிட வேகமாக அவள் பார்த்துவிடுகிறாள்.

"அண்ணே, அங்கன, 'ஃபோர் த்ரீ லெட்டர் பாக்ஸ்'னு இருக்கு பாருங்க."

மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறது. நடுவில் மனிதர்கள் மனிதர்களாகிறார்கள். பெரியவருக்கு அந்தப் பட்டை பிடிக்கவில்லை. 29 இஞ்சுக்குக் காசு கொடுத்திருக்கிறார். பாதி கறுப்பாக இருந்தால்? இரண்டு பக்கத்தையும் வெட்டி நிரப்பும் வழியும் இருக்கிறது என்று மெக்கானிக் மாற்றிக் காட்டுகிறான். திரை நிறைகிறது, படத்தின் கீழ் ஓடும் எழுத்துகளில் இரண்டு ஓரத்து எழுத்தும் காணாமல் போகின்றன. மறுபடி பட்டை. மறுபடி நிறைப்பு. ஒல்லி ஆட்கள். பேத்தி தீர்ப்புச் சொல்கிறாள்: பட்டையே இருக்கட்டும்.

"என்னமோ 'கீ'ன்னு கேக்குது" என்கிறாள் அடுத்து, காதைப் பொத்தி.

"எங்கிட்டு?" பெரியவர் காதைச் சாய்க்கிறார். "ஒண்ணுங் கேக்கலயே."

"கேக்குது தாத்தா. டிவிக்குள்ளருந்து."

மெக்கானிக்குக்கும் லேசாகக் கேட்கிறது போலும், தலையை ஆட்டுகிறான். நொடிக்கு 25 படம், படத்துக்கு 625 வரி. பெருக்கினால் நொடிக்கு 15,625 தடவை குழாயின் கதிர் இடமிருந்து வலம் ஓடித் திரும்புகிறது. அதை இழுக்கும் சுருள் அதே வேகத்தில் நடுங்குகிறது. அந்தக் கீச்சொலி வயதானவர்கள் காதுக்கு எட்டாது. எனக்கும் எட்டவில்லை.

டிவியின் ரிமோட் இனி அநேகமாகத் தேவையில்லை. சேனலும் சத்தமும் பாக்ஸின் ரிமோட்டிலேயே. மெக்கானிக் அதைச் சொன்னதும் பெரியவர் கையிலிருந்த பச்சைபிடித்த பழைய ரிமோட்டைப் பார்க்கிறார். "ஒண்ணாம் நம்பர் போட்டா தூர்தர்சன், ரெண்டு போட்டா..." என்று இழுக்கிறார். டிவியை எந்நேரமும் வீடியோவிலேயே விட்டுவிட வேண்டும், அந்த நம்பரெல்லாம் மறந்துவிட வேண்டும். அவர் சட்டைத் துணியால் பழைய ரிமோட்டைத் துடைத்து டிவியின் மேலேயே வைக்கிறார். பாக்ஸ் வைக்கவும் அங்கேதான் இடம். மெக்கானிக் இரண்டையும் எடுத்துப் பக்கத்து அலமாரிக்கு மாற்றுகிறான். "மேல வைக்காதீங்க தாத்தா, டிவி சூடு பாக்ஸுக்கு ஆகாது."

அதற்குள் அப்பத்தா முந்தானையில் கை துடைத்தபடி வந்து உட்கார்ந்துவிட்டாள். சேனல்கள் ஓடுகின்றன: இந்தி, இந்தி, போஜ்புரி, பக்தி, இந்தி, செய்தி, டிடி தமிழ், மறுபடி இந்தி.

"ஏய்யா, எஞ் சீரியலு எங்க?"

"அது இதுல வராது ஆத்தா. இது சும்மா வர்ரது. மாசக் காசு கெடையாது."

"காசு இல்லேன்னா சீரியலும் இல்லயா?"

"அந்தச் சேனலு வேணும்னா வேற பாக்ஸு. மாசாமாசம் ரீசார்ஜ் போடணும்."

அப்பத்தா பெரியவரைப் பார்க்கிறாள். பெரியவர் டிவியைப் பார்க்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு யார் வீட்டுக்குப் போகப் போகிறாள் என்பது அந்த நொடியிலேயே முடிவாகிவிட்டது என்று தோன்றியது.

கூலிப் பேச்சு. பாக்ஸ், டிஷ், ஒயர், ஆள்கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து இருநூறு என்கிறான். ஆயிரத்து எண்ணூறு என்கிறார் பெரியவர், டிவி அவருடையதுதானே என்ற நியாயத்தில். கூரையில் கால் மாற்றி மாட்டிய வேலையைச் சொல்கிறான் அவன். அப்பத்தா குறுக்கிட்டு, பரண் கீழே கட்டுக்கட்டாகத் தொங்கும் பூண்டில் ஒரு கட்டை உருவி அவன் ஏணியோடு சேர்த்துச் சாய்த்து வைக்கிறாள். இரண்டாயிரத்தில் முடிகிறது.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர், தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது.

"தம்பி, நம்ம வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. 2006-ல கவர்மெண்டு குடுத்தாங்கள்ல, அந்த 14 இஞ்சுத் திட்டம், அந்த டிவி. அதுக்கு இது மாட்டலாமா?"

"பின்னாடி மஞ்சள் ஓட்ட இருக்காண்ணே?"

"இருக்கும்னுதேன் நெனைக்கிறேன். குளவி கூடு கட்டியிருக்கு."

"கூட்டத் தட்டி வைங்க. வாரேன்."